கைவேலை எலெக்ட்ரிக் கிட்டார்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலிருந்தும் கிட்டார் பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. தனியாளாகப் பட்டறை வைத்து எலெக்ட்ரிக் கிட்டார் செய்து தருபவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவது கடையில் வாங்குவதுபோல் இல்லை என்பதால், இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கையால் செய்து தரும் ஒருவர் 90,000 ரூபாய் கேட்கிறார். 60 சதவீதம் அட்வான்ஸ், ஐந்து மாதத்தில் தருவாராம். கடையில் பெரிய கம்பெனி கிட்டார் 45,000-க்கே கிடைக்கிறது. இரண்டு மடங்கு விலைக்கு அதில் என்ன இருக்கிறது? அட்வான்ஸ் கொடுக்கலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: முதலில் அந்த 90,000 எங்கே போகிறது என்று பார்ப்போம். அப்புறம் அட்வான்ஸுக்கு வருவோம்.

தொழிற்சாலை மரத்தைக் கன்டெய்னர் கணக்கில் வாங்குகிறது. ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி), பிரிட்ஜ் (கம்பி பாடியில் ஊன்றும் பாகம்), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக்கும் காந்தச் சுருள்) எல்லாம் ஆயிரக்கணக்கில் வரும்போது விலை இறங்கிவிடும். தனியாள் ஒரே ஒரு செட் வாங்குகிறார். சில்லறை விலை, கூரியர், வெளிநாட்டுப் பாகம் என்றால் சுங்க வரி. நல்ல பாகங்களைப் போட்டால் விலையில் பெரிய பங்கு அங்கேயே போய்விடும். மீதி அவருடைய நாட்களுக்கான கூலி.

அந்த நாட்களில் அவர் என்ன செய்கிறார் என்பதற்கு ஃப்ரெட் வேலை ஒன்றே போதும்; ஃப்ரெட் என்பது நெக் எனும் நீண்ட கழுத்தில், விரல் வைக்கும் பக்கம் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி. 1954-இல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் 648 மி.மீ. அதை 17.817 ஆல் வகுத்தால் வருவது 36.4 மி.மீ.; தலைப்பக்க முனையிலிருந்து அந்தத் தூரத்தில் முதல் ஃப்ரெட் இருக்க வேண்டும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது ஃப்ரெட். இப்படியே 21 அல்லது 22 பள்ளங்கள் அறுக்க வேண்டும். ஒரு பள்ளம் அரை மி.மீ. தள்ளிப்போனாலும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி பிசகுவது காதில் விழும். பிரிட்ஜ் திருகை எவ்வளவு திருப்பினாலும் தப்பாக விழுந்த பள்ளம் நகராது. தொழிற்சாலையில் ஒரு நெக் கெட்டால் அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். இவர் மரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அந்த நஷ்டமும் அவருடையதே. பிக்கப்பையும் அவரே சுற்றுகிறார் என்றால், தலைமுடி அளவே உள்ள செப்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று அறுபடாமல் சுற்ற வேண்டும்.

ஆகவே விலையில் ஏமாற்று இல்லை. ஆனால் உங்களுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. 45,000 ரூபாய்க் கிட்டார் இன்று நன்றாகவே வருகிறது. பாட்டுக்குத் துணையாக வாசிக்க அது தாராளமாகப் போதும். கடையில் கிடைக்காத ஏதோ ஒன்று உங்கள் உடம்புக்கோ கைக்கோ வேண்டுமென்றால்தான் கைவேலைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. தோள்வலிக்கு மூன்று கிலோவுக்குள் எடை, சின்னக் கைக்கு மெல்லிய நெக், இடதுகைக்காரருக்கான அமைப்பு என்று ஏதாவது. அது என்னவென்று ஒரே வரியில் சொல்ல முடியவில்லையா? கொஞ்ச நாள் பொறுங்கள்.

வேண்டும் என்றே முடிவெடுத்தால், அவர் முன்பு செய்த கிட்டார் ஒன்றை வாங்கி ஸ்ட்ராப்போடு தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால் வடிவமைப்பில் குறை இருக்கிறது. ஸ்ட்ராட் பாடியின் மேல் பக்கம் கொம்புபோல் நீளும் பகுதி 12ஆவது ஃப்ரெட் வரை நீண்டிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. ஸ்ட்ராப் மாட்டும் இடம் அங்கே இருப்பதால் எடை சமமாக நிற்கிறது. புது வடிவம் வரைபவர்கள் பலர் கொம்பைக் குட்டையாக்கி இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள். பிறகு மூன்று மணி நேரம் வாசித்தாலும் இடதுகை நெக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது அட்வான்ஸ். 60 சதவீதம் அதிகம். அவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரே சுழலில்: புது ஆர்டர் அட்வான்ஸில் பழைய ஆர்டரின் பாகங்களை வாங்குவது. ஒரு மாதம் ஆர்டர் வராவிட்டால், உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால், சங்கிலி அறுந்துவிடும். நானே ஒருமுறை நல்ல வேலைக்காரர் ஒருவரிடம் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்தேன். அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. என் பணம் வேறொருவர் கிட்டாருக்குள் போயிருந்தது.

அதனால் இப்படிக் கேளுங்கள்: மரத்துக்கும் தொடக்க வேலைக்கும் 25 சதவீதம். நெக்கும் பாடியும் பூட்டிய பிறகு, நேரில் பார்த்து, 40 சதவீதம். மீதி கையில் வாங்கி வாசித்துப் பார்த்த பிறகு. பிக்கப், பிரிட்ஜ், ட்யூனர் ஆகியவற்றை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்கிக் கொடுத்து, அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்குப் பாகங்களுக்குக் கைக்காசு தேடும் தலைவலி இல்லை. வேலை நின்றுபோனாலும் பாகங்கள் உங்களுடையவை.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: கம்பி நீளம், முதல் ஃப்ரெட்டிலும் 12ஆவது ஃப்ரெட்டிலும் நெக்கின் தடிமன், அதிகபட்ச எடை, மரத்தின் பெயர், பாகங்களின் கம்பெனியும் மாடலும், 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் (1.5 முதல் 2 மி.மீ. வரை பலருக்கும் ஒத்துவரும்), தரும் தேதி, தாமதமானால் என்ன. இதெல்லாம் வாயால் பேசி முடிக்கிற விஷயமில்லை. விலையை மட்டும் அடித்துப் பேசாதீர்கள். 10,000 குறைத்தால் அதை அவர் ட்யூனரில் எடுக்க முடியாது, ஃப்ரெட்டைத் தேய்த்துச் சமன் செய்யும் நேரத்தில்தான் எடுப்பார்.

கேள்வி: ஆற்காட்டில் எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது தேக்கு உத்தரம் ஒன்றை எடுத்து வைத்தோம். அதில் கிட்டார் பாடி செய்யலாமா? ஃபிங்கர்போர்டுக்கு (நெக்கின் மேல் ஒட்டும் பலகை) ரோஸ்வுட் போடுவதாகக் கிட்டார் செய்பவர் சொல்கிறார். தம்பி கனடாவுக்கு எடுத்துப் போவான், சட்டச் சிக்கல் வருமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பல பத்தாண்டுகள் வெயில், மழை எல்லாம் பார்த்துக் கூரைக்கடியில் காய்ந்த மரம் இனி அதிகம் திருகாது. புது மரம் வாங்கினால் இந்த நிம்மதிக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மூன்று சங்கடங்கள் உண்டு. ஒன்று, உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி. அறுக்கும் முன் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஆணி பட்டாலே பிளேடு போய்விடும். இரண்டு, எடை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வழக்கமாகப் போடும் ஆல்டர் மரத்தைவிடத் தேக்கு கனம். வழக்கமான 44 மி.மீ. தடிமனில் அப்படியே செய்தால் முழுக் கிட்டார் நான்கு கிலோவைத் தாண்டிவிடும். உள்ளே அறைபோல் குடைந்து மேலே மெல்லிய பலகை மூடச் சொன்னால் எடை இறங்கும். மூன்று, தேக்கில் எண்ணெய் அதிகம். ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. இதைச் செய்பவரிடமே கேட்டுப் பாருங்கள். "அப்படியெல்லாம் வேண்டாம், ஃபெவிகால் போதும்" என்று சொன்னால் அவர் தேக்கில் அதிகம் வேலை செய்ததில்லை என்று அர்த்தம்.

ரோஸ்வுட் என்பது நம்ம ஊர் ஈட்டி, தோதகத்தி. உலக அளவில் அருகிவரும் உயிரினங்களின் வணிக ஒப்பந்தம் 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அப்போது கிட்டார் செய்பவர்கள் உலகமெங்கும் தவித்தார்கள். பெரிய கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறின, சின்னவர்கள் வாங்கி வைத்த மரத்தோடு மாட்டிக்கொண்டார்கள். 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. உங்கள் தம்பி கிட்டாரோடு, மரத்தின் பெயர் எழுதிய பில்லையும் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஈட்டிப் பலகை ரசீதோடு வாங்கியதா என்று கட்டாயம் கேளுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் மலிவாக வந்தது என்று யாராவது சொன்னால் வேண்டாம். செம்மரம் என்றால் பேச்சே வேண்டாம். செம்மரக் கடத்தல் வழக்குகள் நம் பக்கத்தில் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தன என்று நமக்குத் தெரியும்.

கேள்வி: நான் வாங்குபவன் இல்லை, செய்பவன். ஆம்பூர் பக்கம் சின்னப் பட்டறை. வருபவர்கள் எல்லோரும் ஸ்ட்ராட் வடிவமே கேட்கிறார்கள், தலையில் ஃபெண்டர் பெயரும் ஒட்டித் தரச் சொல்கிறார்கள். நானே வரைந்த வடிவத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: பெயரை ஒட்டாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும்: போலிப் பெயர் ஒட்டிய கிட்டாரை நாளைக்கு நேர்மையாக விற்க முடியாது.

வடிவம் வேறு கதை. ஃபெண்டர் கம்பெனி தன் ஸ்ட்ராட், டெலிகாஸ்டர் பாடி வடிவங்களைத் தன் குறியாகப் பதிவு செய்யக் கேட்டபோது, அவை பொதுவாகிவிட்டன என்று அமெரிக்க வணிகக் குறி வாரியம் 2009-இல் மறுத்துவிட்டது. தலைப்பகுதியின் வடிவம் அப்படி இல்லை, அதை நகல் எடுக்காதீர்கள். கிப்ஸன் கம்பெனி பி.ஆர்.எஸ் என்ற இன்னொரு கிட்டார் கம்பெனி மீது போட்ட வழக்கில், ஒரே ஒரு பாடி வடிவத்துக்காக பி.ஆர்.எஸ்காரர்கள் அந்த மாடலை விற்க முடியாமல் இருந்து, 2005-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அவர்களுக்கு வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் ஒரு நோட்டீஸே போதும், பட்டறையை மூட.

உங்கள் சொந்த வடிவத்துக்கு வருகிறேன். அதன் படத்தை வெளியே போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் நிறுத்துங்கள். வடிவமைப்புச் சட்டம் 2000-இன் கீழ் பதிவு செய்தால் 10 வருடம், பிறகு நீட்டித்து இன்னும் 5 வருடம் பாதுகாப்பு உண்டு. ஆனால் பதிவுக்கு முன்பே வெளியில் காட்டிய வடிவம் புதியது என்ற தகுதியை இழந்துவிடும்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் புதுமையை ஏற்க ரொம்பத் தயங்குபவர்கள். 1950-களில் வந்த இரண்டு மூன்று வடிவங்களையே இன்றும் கேட்கிறார்கள். தலையே இல்லாத கிட்டாரும், ஃப்ரெட்டுகள் விசிறிபோல் விரியும் கிட்டாரும் 1980-களிலேயே வந்தும், பரவலாக ஏற்கப்பட வெகுகாலம் ஆனது. முதலில் பழக்கமான வடிவத்தில், உங்கள் தலைப்பகுதியும் உங்கள் பெயரும் போட்டு, ஃப்ரெட் வேலையில் பெயர் வாங்குங்கள். பதிவு முடிந்ததும், சொந்த வடிவத்தில் ஒன்று எப்போதும் பட்டறையில் மாட்டியிருக்கட்டும், வருபவர்கள் கையில் கொடுங்கள். அந்தக் கிட்டாரை எனக்கும் பார்க்க ஆசை.

ஆம்பூரில் இருந்துகொண்டு ஸ்ட்ராப்பை வெளியே வாங்குகிறீர்களா? பக்கத்திலேயே நல்ல தோல் கிடைக்கிறதே. உங்கள் கிட்டாரோடு ஒரு தோல் ஸ்ட்ராப்பும் போனால் அதுவும் உங்கள் அடையாளம்தான்.

கேள்வி: 40,000 அட்வான்ஸ் கொடுத்து 14 மாதம் ஆகிறது. செய்பவர் வெளியூர். போன் எடுப்பதில்லை. பணம் போனதா? (குடியாத்தம்)

பதில்: போகவில்லை, ஆனால் நாட்களைக் கடத்தாதீர்கள். பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரின்ட் எடுங்கள். 15 நாள் கெடு வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கிட்டாரையோ பணத்தையோ கேட்டு, மரியாதையாக எழுதுங்கள். இந்த ஒரு கடிதத்திலேயே பாதிப் பேர் பேச வந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அவர் வந்தால், தவணையில் திருப்பித் தருவதை ஏற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில்.

வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கச்சேரிக்கு வாசித்துப் பிழைப்பவராக இருந்தாலும், சுயதொழில் என்பதால் நீங்கள் நுகர்வோர்தான்.

கேள்வி: மார்ச்சில் வாங்கிய கைவேலைக் கிட்டாரில் இப்போது ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறுகின்றன. மோசமான வேலையா? (சத்துவாச்சாரி)

பதில்: இல்லை. வேலூர் வெயிலில் காற்று வறண்டுபோனால் மரம் குறுக்கே சுருங்கும், உலோகம் அப்படிச் சுருங்காது. அதனால் முனை வெளியே தெரிகிறது. நல்ல மரத்துக்கும் முதல் கோடையில் இது நடக்கும். செய்தவரிடம் கொண்டுபோனால் அரத்தால் தேய்த்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். முதல் அக்னி நட்சத்திரத்துக்குப் பிறகு ஒரு செட்டப் (கம்பி உயரம், ஃப்ரெட் முதலியவற்றைச் சரிசெய்வது) இலவசம் என்று ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்கியிருந்தால் செலவும் இருந்திருக்காது. இப்போதே தேய்க்கச் சொல்லாதீர்கள், மே முடியட்டும். மரம் சுருங்குவது நின்ற பிறகு ஒரே தடவையாகச் செய்துகொள்ளலாம். அதுவரை ஷீட் கூரை அறையில் வைக்காமல் பெட்டிக்குள் போட்டுக் கீழ்த்தளத்தில் வையுங்கள்.