வசையும் மறுமொழியும்

அன்புள்ள ஐயா,

மணிலாவின் அண்டர்கிரவுண்ட் ராப் பாடகர்களைப் பற்றியும் பிலிப்பைன்ஸ் சினிமாவைப் பற்றியும் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதி துதேர்தேயின் ஆட்சியில் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளுக்கு எதிராக முதலில் வாய் திறந்தவர்களில் அந்தப் பாடகர்களும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு யூடியூபில் அவர்களுடைய ராப் மோதல்கள் சிலவற்றைத் தேடிப் பார்த்தேன். ஒருவர் மற்றவரின் தாயை ஏசுகிறார், உருவத்தைக் கேலி செய்கிறார், கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. துதேர்தேயும் இப்படித்தானே பேசினார்? போப்பாண்டவரையே திட்டியவர் அல்லவா அவர்? இரண்டு பேருக்கும் கைதட்டுவது ஒரே கூட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? போதாதற்கு ஜெர்மன் தத்துவவாதி ஹெகலை வேறு இழுத்திருந்தீர்கள். கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. கடைசியாக ஒன்று: இந்தப் படங்களையும் பாடல்களையும் எதிலிருந்து தொடங்கலாம்?

கா.,
திருச்சி

அன்புள்ள கா. அவர்களுக்கு,

ஒரே கூட்டம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. 2016 மே மாதத் தேர்தலில் துதேர்தேக்கு விழுந்த வாக்குகள் 1 கோடியே 66 லட்சம். பதிவானதில் 39 விழுக்காடு. அவ்வளவு பேரில் ராப் மோதல்களைப் பார்த்து ஆரவாரம் செய்த இளைஞர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? 1990-இல் ராப்பை அந்த நாட்டில் பரவலாக்கியவர்களில் பிரான்சிஸ் மகலோனா நாட்டு மக்களை அழைத்து எழுச்சிப் பாட்டுப் பாடினார். அதே ஆண்டு அவரைப் போலவே புகழ்பெற்ற ஆண்ட்ரூ இ., 2022-இல் பழைய சர்வாதிகாரி மார்கோஸின் மகனுடைய ஜனாதிபதித் தேர்தல் பிரசார மேடைகளில் பாடினார். ராப்புக்கென்று கட்சி எதுவும் கிடையாது. அண்டர்கிரவுண்ட் என்பதாலேயே ஒன்று உத்தமமாகிவிடுவதும் இல்லை. யாரும் கேட்க விரும்பாத மோசமான பாட்டும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் துதேர்தேயும் இப்படித்தானே பேசினார் என்கிற இடத்தில் உங்களோடு வர முடியவில்லை. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஃபிளிப்டாப் மோதல்களாக இருக்கும். அனிக்மா என்ற பெயரில் ராப் பாடுபவர் 2010-இல் தொடங்கிய அமைப்பு அது. இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பவரைப் பாருங்கள். பின்னணி இசை கிடையாது. இருவரும் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். வழக்கமாக மூன்று சுற்று. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் அத்தனை வசையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அவருடைய முறை வருகிறது. அதே அவகாசம், அதே கூட்டம், அதே நடுவர்கள். எழுதி மனப்பாடம் செய்து வந்த வரிகளை மறந்து தடுமாறியவர் பெரும்பாலும் தோற்கிறார். எதிராளி சற்று முன் சொன்னதையே பிடித்துத் திருப்பி அடிப்பவருக்கு ஆரவாரம் கூடுகிறது. எல்லாம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ‘வசைபாடக் காளமேகம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

துதேர்தேயின் மேடையில் மற்றவருக்கு முறை வருவதே இல்லை. செனட்டர் லைலா தே லிமா அந்தக் கொலைகளைப் பற்றி 2016-இல் செனட்டில் விசாரணையைத் தொடங்கினார். ஜனாதிபதி அவரைப் பெண் என்பதை வைத்தே பகிரங்கமாக இழிவுபடுத்தினார். மறுமொழி சொல்லியிருக்க வேண்டியவர் 2017 பிப்ரவரியில் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். ஜாமீன் கிடைத்தது 2023 நவம்பரில். அடுத்த ஆண்டு கடைசி வழக்கும் தள்ளுபடியானது. அவராவது உயிரோடு வெளியே வந்தார். போலீஸ் நடவடிக்கைகளில் செத்தவர்கள் அரசின் கணக்கிலேயே 6,000 பேருக்கு மேல். யாரென்று தெரியாத துப்பாக்கிக்காரர்கள் சுட்டவர்களையும் சேர்த்து 30,000 வரை இருக்கலாம் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். போலீஸ் அறிக்கைகளைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே கதைதான்: பிடிக்கப் போனோம், எதிர்த்துச் சுட்டான், நாங்களும் சுட்டோம். செத்தவன் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும் சுட்டவர்களே எழுதிக்கொண்டார்கள். 2017 ஆகஸ்டில் கலோகன் நகரில் கொல்லப்பட்ட கியான் டெலோஸ் சாண்டோஸ் என்ற 17 வயது மாணவனைப் பற்றியும் இதையேதான் எழுதினார்கள். அவனைப் போலீஸார் இழுத்துக்கொண்டு போனதை ஒரு கண்காணிப்புக் கேமரா பதிவு செய்திருந்ததால் கதை நிற்கவில்லை. மறு ஆண்டு மூன்று போலீஸாருக்குத் தண்டனை கிடைத்தது. கேமரா இல்லாத சந்துகளில் எழுதப்பட்ட அறிக்கைகளை நினைத்துப் பாருங்கள்.

ஹெகலை இழுத்தது அதிகம் என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். இரண்டு மனிதர்கள் எதிரெதிரே வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் மற்றவர் தன்னை மதித்தாக வேண்டும், அதற்காக உயிரைப் பணயம் வைத்து மோதுகிறார்கள் என்று 1807-இல் அவர் எழுதினார். அதில் எனக்கு முக்கியமான இடம் ஒன்றுதான். ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டால் வென்றவனுக்கும் எதுவும் மிஞ்சாது, மதிப்பதற்கு எதிரே ஆள் இல்லை. ராப் மோதலில் இது தத்துவமாக இல்லை, விதியாகவே இருக்கிறது. எதிராளி நன்றாகத் திருப்பி அடித்தால்தான் என் வெற்றிக்கு விலை. திணறி நின்றுவிட்ட ஆளை வென்றதாக யாரும் பீற்றிக்கொள்வதில்லை. ஹெகலின் கதையில் மோதலின் முடிவில் ஒருவன் ஆண்டான், இன்னொருவன் அடிமை. மணிலாவில் தோற்றவன் சில மாதம் கழித்து வேறு வரிகளோடு வந்து நிற்கிறான். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஹெகலை விடத் தேவலை.

இந்தப் பழக்கம் அமெரிக்காவிலிருந்து மட்டும் வந்ததல்ல. 1924 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்க ஆட்சிக் காலத்தில், மணிலாவின் தொண்டோ பகுதியில் ஒரு பெண்கள் கல்விக்கூடத்தில் இரண்டு கவிஞர்கள் தகலோக் மொழியில் செய்யுளிலேயே வாதாடினார்கள். ஒரு பூ யாருக்கு உரியது என்பது வழக்கு. ஹோசே கோராசோன் தே ஹேசூஸ் வண்ணத்துப்பூச்சியாகவும் ஃப்ளோரெந்தினோ கொல்யான்டெஸ் வண்டாகவும் பேசினார்கள். நடுவரும் செய்யுளில்தான் பேசினார். பழைய மகாகவி பலாக்தாஸின் பெயரால் அதைப் பலாக்தாசான் என்று அழைத்தார்கள். மக்கள் பித்துப்பிடித்து ரசித்தார்கள். வண்ணத்துப்பூச்சியாகப் பேசிய தே ஹேசூஸ் பிற்பாடு எழுதியதுதான் ‘பாயான் கோ’, ‘என் நாடே’ என்ற பாட்டு. அமெரிக்கர்களுக்கு எதிராக எழுதப்பட்ட அந்தப் பாட்டை மார்கோஸ் சர்வாதிகாரத்துக்கு எதிராகத் தெருவில் பாடினார்கள். திரைப்பட இயக்குநர் லினோ ப்ரோக்கா 1984-இல் தன் படத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். மறு ஆண்டு ஜீப்னி என்ற சிறு பேருந்துகளின் ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காகச் சிறை சென்றார்.

தாயை வைத்தும் பெண்ணுடலை வைத்தும் வரும் வசைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அந்த வரிகள் எனக்கும் கசக்கின்றன. நான் மேலே சொன்ன அளவுகோலை வைத்தே பார்த்தாலும் அவை தப்பு. அந்தத் தாய் மேடையில் இல்லை, அவருக்கு ஒரு சுற்றும் கிடைக்கப்போவதில்லை. இதை ராப் உலகத்துக்கு உள்ளிருந்தே சொன்ன படம், ட்ரெப் மொன்டெராஸ் 2017-இல் இயக்கிய ‘ரெஸ்பெட்டோ’. பாண்டகான் பகுதியில் ஒரு சேரிப் பையன், ராப் மோதலில் ஜெயிக்கத் துடிப்பவன், ஒரு பழைய புத்தகக் கடையில் திருடப்போய் மாட்டிக்கொள்கிறான். கடைக்காரக் கிழவர் ஒரு கவிஞர், மார்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் எல்லாவற்றையும் இழந்தவர். பையனாக நடித்த அப்ராவும், அவன் தெய்வமாக நினைக்கும் ராப் பாடகனாக நடித்த லூனியும் நிஜமாகவே ஃபிளிப்டாப் மேடையில் நின்றவர்கள். அந்தத் தெய்வம் ஒரு பெண்ணுக்குச் செய்கிற கொடுமையைப் படம் மழுப்பவில்லை. தன் சொந்த மேடையின் புகழையே கிழித்துக் காட்ட ஒப்புக்கொண்ட அந்த நடிகர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முடிவைச் சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இயக்குநர் ப்ரில்லாந்தே மெண்டோசாவை வைக்கிறேன். போலீஸ் ஊழலையும் சேரி வாழ்க்கையையும் அவரளவுக்கு நெருங்கிப் படம் எடுத்தவர்கள் குறைவு. 2009-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர். அப்படிப்பட்டவர் 2016-இலும் 2017-இலும் துதேர்தேயின் ஆண்டு நாடாளுமன்ற உரையைக் கேமராவுக்காக இயக்கிக் கொடுத்தார். தெருவைத் தெரிந்துவைத்திருப்பதும் தெருவின் பக்கம் நிற்பதும் வேறு வேறு என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தத்துவத்துக்கு இங்கே என்ன வேலை என்பதற்கு இயக்குநர் லாவ் டியாஸிடம் இன்னொரு பதில் இருக்கிறது. அவருடைய ‘நோர்த்தே’ 2013-இல் வந்தது. துதேர்தே ஜனாதிபதியாவதற்கு மூன்று ஆண்டு முன்னால். மார்கோஸின் சொந்த மாகாணத்தில், சட்டப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு கெட்டிக்கார இளைஞன் நண்பர்களோடு உட்கார்ந்து நீதி, தீமை, சமூகத்தைச் சுத்தப்படுத்துவது என்று பேசிக்கொண்டே இருக்கிறான். பிறகு வட்டிக்குக் கடன் கொடுக்கும் பெண்ணைக் கொல்கிறான். சிறைக்குப் போவதோ ஓர் ஏழைத் தகப்பன். தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்து எடுத்த கதைதான், ஆனால் கொலைக்கு முன்னால் வரும் அந்த நாகரிகமான பேச்சு பயமுறுத்துகிறது. துதேர்தேக்குக் கைதட்டியது சேரிக் கூட்டம் மட்டும்தான் என்று நீங்கள் நினைத்தால் இந்தப் படத்தைப் பாருங்கள்.

2025 மார்ச் 11 அன்று துதேர்தே மணிலா விமான நிலையத்தில் கைதாகி ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அவருக்கு வழக்கறிஞர்கள் உண்டு, நீதிபதிகள் உண்டு, குற்றச்சாட்டை மறுக்க அவகாசமும் உண்டு. இரண்டு மாதம் கழித்து, அவர் முன்பு மேயராக இருந்த தாவாவ் நகர மக்கள் அங்கே இருந்த அவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வாக்களித்ததை வெறும் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? ‘ரெஸ்பெட்டோ’வில் தொடங்குங்கள். அடுத்து 2019-இல் பல ராப் பாடகர்கள் சேர்ந்து வெளியிட்ட ‘கொலாடரல்’ இசைத்தொகுப்பு. அந்தக் கொலைகளைப் பற்றிய தரவுகளையும் குடும்பங்களின் அனுபவங்களையும் வைத்துக் கட்டிய 12 பாடல்கள். நடுவில் ஒன்றை மட்டும் உருவிக் கேட்காமல் முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ப்ரோக்காவின் படங்களில் 1975-இல் வந்த ‘மணிலா இன் தி க்ளாஸ் ஆஃப் லைட்’ முதலில். லாவ் டியாஸின் பத்து மணி நேரத்தைத் தாண்டும் படங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். ‘நோர்த்தே’ நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.