மே மாதத்தில் எந்தத் தெருவும் அழகுதான்: வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கே: வரதராஜபுரம் பக்கம் தனி வீடு பார்த்திருக்கிறோம். மே மாதம் போனபோது தெரு சுத்தமாக இருந்தது. ‘இங்க தண்ணியே நிக்காது’ என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (குரோம்பேட்டை)

ப: மே மாதத்தில் எங்கேதான் நிற்கும்? சென்னை தாம்பரத்தை ஒட்டி அடையாறு ஓடுகிற பக்கம் அது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள்.

‘தண்ணி நிக்குமா?’ என்று கேட்டால் அக்கம்பக்கத்தார் ‘நிக்காது’ என்றுதான் சொல்வார்கள். அவரவர் மனை விலை அவரவருக்கு. ‘2015-ல எத்தனை நாள் கரண்ட் இல்ல? மிக்ஜாம் புயலப்போ?’ என்று இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். நாள் கணக்கு தானாக வந்து விழும்.

அடுத்து வீட்டைப் பாருங்கள். ஈபி மீட்டர் பெட்டி தலை உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறதா? சுவரில் கீழே 3 அடிக்கு மட்டும் புதுப் பூச்சா? தெருவில் கீழ்த்தள வீடுகளுக்கு மட்டும் வரிசையாக ‘டு-லெட்’ தொங்குகிறதா? எல்லாம் தண்ணீர் வந்துபோனதற்கான தடயங்கள்.

இனி என் பழைய வயிற்றெரிச்சல். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும். சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ரோடு சில அங்குலம் ஏற, வீடு பள்ளத்துக்குப் போகிறது. டேப் எடுத்துப் போய், ரோட்டின் நடு மட்டத்திலிருந்து வீட்டுத் தரை எத்தனை உயரம் என்று அளந்து பாருங்கள். இந்தப் பக்கத்தில் 2 அடியாவது வேண்டும். வாசலில் படி ஏறாமல் இறங்கினால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக, சர்வே எண்ணை வைத்து அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேடு பாருங்கள்; எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு அது. உங்கள் எண் மட்டும் போதாது, சுற்றியுள்ள நாலு எண்களையும் பாருங்கள். பக்கத்து எண்ணில் ஓடை, வாய்க்கால் என்று இருந்து, நேரில் அங்கே காம்பவுண்டு சுவர் நின்றால், அந்தத் தண்ணீர் மழைக்காலத்தில் உங்கள் வீட்டு வழியாகத்தான் போகும்.

கே: ‘லேக் வியூ’ அபார்ட்மென்ட், தரைத்தளம், விலை குறைவு. வாங்கலாமா? (மேடவாக்கம்)

ப: நீங்கள் ஏரியைப் பார்த்தால் ஏரியும் உங்களைப் பார்க்க வரும். வேண்டாம்.

கே: ‘கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து 10 நிமிடம்’ என்ற விளம்பரம் பார்த்து 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இன்னும் இடத்தைப் பார்க்கவில்லை. ஏரியா எப்படி? (திருச்சி)

ப: அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்த 10 நிமிடம் ஞாயிறு விடிகாலை, காரில். திங்கள் காலை எட்டரைக்கு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: போர் தண்ணீர் நன்றாக இருக்கும் என்கிறார்கள். எப்படிச் சோதிப்பது? (பெரும்பாக்கம்)

ப: சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. அதைத் தாண்டினால் குழாயும் கெய்சரும் உப்புப் பூத்துவிடும். நான் அளக்காமல் வாங்கி, மூன்று கெய்சர் காயில் மாற்றியவன். அபார்ட்மென்ட் என்றால் சங்கக் கணக்கில் மே, ஜூன் மாத லாரித் தண்ணீர்ச் செலவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினாலே பதில் கிடைத்துவிட்டது.

கே: ஓய்வுப் பணத்தில் மனை வாங்கினேன். 30 அடி ரோடு என்று விற்றார்கள். இப்போது ஒருவர் ரோட்டில் பாதியை வேலி போட்டு, தன் நிலம் என்கிறார். (செங்கல்பட்டு)

ப: உங்கள் மேல் தப்பில்லை ஐயா. லேஅவுட் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் இருந்து, வேலி போட்ட இடம் அதற்குள் வந்தால் அது பொது வழி. அங்கீகார வரைபட நகலோடு ஊராட்சியில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லையென்றால் விற்றவர் மேல் ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம்; பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவருக்கு ரெரா சட்டம் 12-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. விளம்பர நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.