தோள் இறுக்கத்துக்கு ஃபிசியோதெரபி: முதல் நாள் என்ன நடக்கும்?

கேள்வி: ராமேஸ்வரத்தில் விசைப்படகில் வேலை. வயது 48, சர்க்கரை உண்டு. நாலு மாதமாக வலது கையைத் தூக்க முடியவில்லை. சட்டை மாட்டவே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஃபிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். கரண்ட் வைப்பார்களாமே? உருவிவிடுவதுதான் என்றால் ஊரிலேயே ஆள் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் போதாதா?

பதில்: போதாது. தடைக்காலம் ஏப்ரல் 15-க்குத்தான் தொடங்கும். அதுவரை விட்டால் தோள் இன்னும் இறுகிவிடலாம். ஜூன் 14 வரை கிடைக்கிற 61 நாளும் இந்த வலிக்குப் போதும் என்று சொல்ல முடியாது.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ போல இருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

முதல் நாள் பாதி நேரம் பேச்சிலேயே போகும். எப்போது ஆரம்பித்தது, அந்தப் பக்கம் சரிந்து தூங்க முடிகிறதா, என்ன மாத்திரை, சர்க்கரை எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். ‘மீன்பிடி வேலை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். வலை இழுப்பீர்களா, ஐஸ் பெட்டி தூக்குவீர்களா, படகு ஆடும்போது எந்தக் கையால் பிடித்துக்கொள்வீர்கள் என்பதுவரை சொல்லுங்கள். எந்த வேலையை எப்போது திரும்பத் தொடலாம் என்று கணிக்க அதுதான் உதவும்.

பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். (பெண்களுக்குத் திரை மறைவு உண்டு, துணைக்கு ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.) நீங்களே கையை எவ்வளவு தூக்குகிறீர்கள், அவர்கள் தூக்கினால் எவ்வளவு போகிறது என்று கோணமானி வைத்து அளந்து எழுதிக்கொள்வார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார்கள். இந்த நோயில் அதுதான் பெரும்பாலும் அதிகமாக மாட்டும்.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் சூட்டு ஒத்தடம் கொடுக்கும்போதுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்: சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டுப்போவதே தெரியாது. எந்த மெஷினாக இருந்தாலும் அது வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். மூட்டை இளக்குவது பயிற்சிதான்.

அந்தப் பயிற்சியில் முக்கால்வாசி வீட்டில் செய்ய வேண்டியது. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களால் நடந்து ஏறுவது இன்னொன்று. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். செய்யும்போது வலி கொஞ்சம் இருக்கும். சற்று நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும், அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதும், யாராவது கையை முறுக்கி ‘உடைத்துவிடுவதும்’ வேண்டவே வேண்டாம்.

ஆரம்பத்தில் வாரம் இரண்டு மூன்று நாள் கூப்பிடலாம். பிறகு இடைவெளி கூடும். முழுதாகச் சரியாகப் பல மாதம், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். அதற்காக அத்தனை நாளும் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்றில்லை. இழுப்பதையும் தூக்குவதையும் கொஞ்ச நாள் வேறு ஆளிடம் விட முடியுமா என்று படகில் பேசிப் பாருங்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.

எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டை, கடைசி சர்க்கரை ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாது என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இடையில் தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் வந்தால் ஃபிசியோதெரபிக்கு வராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.