பட்டியல் வேண்டாம், தட்டு போதும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பாடசாலையில் முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நான் மகளுக்கு வீட்டிலேயே கட்டிக் கொடுத்துவிடுகிறேன். இன்னும் சில பெற்றாரும் அப்படித்தான். பல நாட்களில் சாப்பாடு மிஞ்சிப் போகிறது. அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவைப் பெறும் குடும்பங்களின் பட்டியல் இருக்கிறதே, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் விரயம் குறையாதா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: சோறு வீணாவதைப் பார்த்து வருந்தியிருக்கிறீர்கள், அது நல்ல மனம். ஆனால் நீங்கள் சொல்லும் வழி தவறு என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

பட்டியலை வைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? காலையில் ரீச்சர் பெயர் வாசிப்பார். முப்பது பேர் இருக்கிற வகுப்பில் பன்னிரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு எழும்புவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அஸ்வெசும என்றால் என்னவென்று தெரியாது. மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு கிழமை பொறுத்திருக்கும். பிறகு “எனக்குப் பசிக்கேல்லை ரீச்சர்” என்று சொல்லத் தொடங்கிவிடும். யாருக்காகப் பட்டியல் போட்டீர்களோ அந்தப் பிள்ளைதான் முதலில் சாப்பாட்டை விடும்.

இங்கிலாந்து இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. வருமானம் பார்த்து இலவசச் சாப்பாடு கொடுத்த காலத்தில், சில பாடசாலைகளில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு நிறத்தில் சீட்டு, வேறு வரிசை. உரித்து இருந்தும் வாங்காமல் விட்ட பிள்ளைகளும், படிவம் நிரப்ப வெட்கப்பட்ட தாய்மாரும் இருந்தார்கள். 2014 செப்டெம்பரில் அங்கே முதல் மூன்று வகுப்புகளுக்கு வருமானம் கேட்காமல் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 செப்டெம்பரிலிருந்து லண்டனின் அரசாங்க ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த மேசைகளில்தான் இருந்து சாப்பிடுகிறார்கள். அங்கே நாம் மரியாதையாக வாங்குவதை இங்கே ஏன் தர்மச் சாப்பாடு என்கிறோம்?

எங்கள் நாட்டிலும் தெரிவுசெய்த பாடசாலைகளுக்கு மட்டும் என்றிருந்த திட்டம், 2024 மார்ச்சில் அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரிந்தது. நல்ல முடிவு அது. அதைத் திரும்பவும் சுருக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் நாங்களாக இருக்கக் கூடாது.

பசி பட்டியல் பார்த்து வருவதில்லை, சகோதரி. விடிய ஐந்தரைக்கு எழுப்பி, புலமைப்பரிசில் ரியூசனுக்கு அனுப்பி, அங்கிருந்து நேரே பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்? வசதியான வீடுதான். வயிற்றுக்குள் இருப்பது ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும். ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும் பாடசாலையை அந்தப் பிள்ளை எதை வைத்துத் தாங்கும்? இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களில், அதுவரை ஒருவரிடமும் கைநீட்டாத வீடுகளிலும் உலை ஏறவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் இருந்திருக்கும்? விண்ணப்பம் போட்டு, மேன்முறையீடு போட்டுப் பெயர் ஏறுவதற்குள் ஒரு தவணை முடிந்துவிடும்.

இனிச் சொல்வதை உங்களைக் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் சொல்லாமல் விடமாட்டேன். “வெளிச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துவராது” என்று சொல்கிற சில வீடுகளில் உண்மையான கேள்வி வேறு. யார் சமைத்தது, யாருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவது என்பதுதான் அது. 1920களின் இறுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சாதி பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளைக் கொளுத்தினார்கள். சம ஆசனம், சம போசனம் என்று இரண்டையும் சேர்த்தே அன்று சமத்துவத்துக்காக நின்றவர்கள் கேட்டார்கள். ஆசனம் கிடைத்துவிட்டது. போசனம் இப்போதுதான் எல்லா ஆரம்ப வகுப்புகளுக்குள்ளும், ஒரே பானையிலிருந்து, வந்திருக்கிறது. அந்தப் பந்தியிலிருந்து உங்கள் மகளை எழுப்பிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, மிஞ்சுகிற சோற்றுக்கு வருவோம். எந்த நாளில் மிஞ்சுகிறது என்று பார்த்தீர்களா? கௌபி சரியாக அவியாத நாளிலா, கறி உறைத்த நாளிலா, சோறு ஆறிப்போய் வந்த நாளிலா? முட்டை கொடுக்கிற நாளிலும் அவ்வளவு மிஞ்சுகிறதா? முதலாம் வகுப்புப் பிள்ளை ஆறுதலாகத்தான் சாப்பிடும். மணி அடித்தால் பாதியில் வைத்துவிட்டு எழும்பும். இதெல்லாம் பெற்றார் போய்ப் பார்த்தால் திருத்தக்கூடியவை. 2024இல் ஒரு சாப்பாட்டுக்கு ஒதுக்கியது 110 ரூபா. அரிசி, பருப்பு, மரக்கறி, விறகு, கூலி எல்லாம் அதற்குள். சமைப்பது பெரும்பாலும் அதே ஊர்த் தாய்மார். காசு பிந்தினால் கடையில் கடன் சொல்லித்தான் அடுத்த நாள் உலை வைக்க வேண்டும். அவர்களுக்கு உங்கள் வளவு முருங்கையிலையில் இரண்டு பிடி கொடுத்தால் அன்றைக்கு ஒரு வறை கூடும்.

கோபப்பட ஒரு விஷயம் வேண்டுமென்றால், ஐந்தாம் வகுப்போடு சாப்பாட்டை நிறுத்திவிடுகிற பாடசாலைகளைப் பாருங்கள். தம்பி சாப்பிடும் நேரத்தில் ஏழாம் வகுப்பு அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு இருக்கிறாள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அவளுக்காக எழும்பிப் பேசுங்கள், நானும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முதல், வருகிற திங்கட்கிழமை மகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டாம். ஒரு தட்டைக் கழுவிப் பையில் வைத்து அனுப்புங்கள். பின்னேரம் வந்ததும் என்ன கறி, பக்கத்தில் யார் இருந்தது என்று கேளுங்கள்.