வால்வைப் பார்க்காமல் தையலைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் டீமில் இருப்பது ஒரே ஒரு கால்பந்து. கையால் தைத்தது, 5ஆம் நம்பர். சாயங்காலம் காற்றடித்தால் காலையில் தொளதொளவென்று கிடக்கிறது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல் நாங்களே பஞ்சர் ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம். ஆனால் பிளேடை எடுப்பதற்கு முன் வால்வின் மேல் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவது வால்வுதான். பெரும்பாலும் காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் அப்படியே குத்துவதால் வரும் கோளாறு இது. இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு ஊசியை நாலைந்து முறை விட்டு எடுங்கள். பல பந்துகளில் அதோடு நின்றுவிடும். இதைக்கூடப் பார்க்காமல் “பிளாடர் போச்சு, மாத்தணும்” என்று காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாடர் என்பது பந்துக்குள் காற்றை அடைத்துவைக்கும் ரப்பர் பை. அதைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் காட்டாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. உள்ளே லேடெக்ஸ் பிளாடர் இருந்தால் ஓட்டையே இல்லாமலும் காற்று இறங்கும். அந்த ரப்பரின் குணம் அது. பியூட்டைல் என்ற வேறு ரப்பரில் செய்த பிளாடரில் காற்று பல நாள் நிற்கும். வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் இறங்குகிறதா, சமீபத்தில்தான் ஆரம்பித்ததா என்று யோசியுங்கள். முதலிலிருந்தே என்றால் ஆட்டத்துக்கு முன் காற்றடித்துக்கொள்ளுங்கள், பிரிக்க வேண்டாம்.

நிஜமாகவே பஞ்சர் என்றால், பந்தின் மேலுறையில் வால்வு ஒட்டியிருக்கும் துண்டைத் தொடாமல் பக்கத்துத் துண்டின் தையலை நான்கு விரல் நீளம் பிரியுங்கள். நூலை மட்டும் அறுங்கள். பிளாடரை மெதுவாக வெளியே இழுத்து, லேசாக ஊதி, வாளித் தண்ணீரில் ஓட்டையைக் கண்டுபிடித்துப் பேனாவால் குறியுங்கள். காற்றை இறக்கித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிடுங்கள். அவசரப்பட்டால் பேட்ச் நிற்காது. பழைய டியூபில் வட்டமாக வெட்டிய பேட்சை வைத்து அழுத்தி, மேலே பவுடர் தூவுங்கள்.

நொடியில் ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். அது இறுகிவிடும், முதல் உதையிலேயே விரிசல் விடும். வால்வு வழியாக ஊற்றும் திரவமும் வேண்டாம். ஒரு பக்கம் தேங்கினால் பந்து நேராக உருளாது.

பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் பந்து வாங்கித் தருகிறவர்கள் கூடவே ஓர் ஊசியும் மாற்று பிளாடரும் தந்தால் என்ன? இந்தச் சின்ன வேலைக்கு நல்ல பந்துகள் அலமாரியில் மட்கிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பேட்ச் ஒட்டியானதும் பிளாடரை உள்ளே தள்ளி, பிரித்த இடத்தை மெழுகு தேய்த்த நைலான் நூலால் பழைய துளைகள் வழியாகவே தையுங்கள். பாதிக் காற்றோடு ஒரு ராத்திரி விட்டுவைத்து, காலையில் இறங்காமல் இருந்தால் முழுக் காற்று அடியுங்கள்.