வேறு கணினியில் திறந்தால் ஆவணத்தின் எழுத்துரு மாறிவிடுகிறது. காணாமல் போன எழுத்துருவைக் கண்டுபிடித்து நிறுவுவது எப்படி?

கேள்வி கேட்டவர் மூன்று சிக்கல்களை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார். அலுவலக விண்டோஸ் கணினியில் தயாரித்த வேர்டு ஆவணங்கள் வீட்டிலுள்ள மேக்கில் வேறு முகம் காட்டுகின்றன. அவற்றில் சில பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்தவை. எந்த எழுத்துரு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது, எப்படி நிறுவுவது, கிடைக்காவிட்டால் பதிலாக எதை வைப்பது என்று கேட்கிறார். நூல்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். பிறர் கணினியில் உருவான கோப்புகளைத் திறந்து பார்ப்பதில்தான் என் பொழுது விடிகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வேர்டு ஆவணத்துக்குள் பொதுவாக எழுத்துரு இருப்பதில்லை. அதன் பெயர் மட்டுமே இருக்கிறது. ‘இந்தப் பத்தி லதா எழுத்துருவில், 12 புள்ளி அளவில்’ என்ற குறிப்புதான் கோப்போடு பயணம் செய்கிறது. திறக்கிற கணினி அந்தப் பெயரைத் தன்னிடம் தேடுகிறது. கிடைக்காவிட்டால் கையில் இருக்கிற வேறொன்றை எடுத்து மாட்டிவிடுகிறது. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மேலே எழுத்துருப் பெட்டியில் பழைய பெயரே காட்டப்படுவதால், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்போம். ஒருமுறை 184 பக்கம் கொண்ட ஒரு நூலை வேர்டு கோப்பாகவே அச்சகத்துக்குக் கொடுத்தேன். அங்கே அது 197 பக்கமாக விரிந்துவிட்டது. பொருளடக்கத்தின் பக்க எண்களைக் கையால் தட்டியிருந்தேன். அச்சுப்படி வந்தபோது ஆறாம் அத்தியாயத்திலிருந்து ஓர் எண்கூடப் பொருந்தவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒரு முடி அகலம்தான் வேறுபாடு. அது வரிக்கு ஒரு சொல்லைக் கீழே தள்ளி, பத்திக்கு ஒரு வரியைக் கூட்டி, கடைசியில் 13 பக்கமாக வளர்ந்து நின்றது.

எதையும் தரவிறக்கும் முன் திரையை நன்றாகப் பாருங்கள். எல்லாருமே ‘எழுத்துரு வரவில்லை’ என்றுதான் சொல்கிறார்கள்; ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. எழுத்துகளைப் படிக்க முடிகிறது, வடிவமும் பக்கமும்தான் மாறியிருக்கின்றன என்றால் மாற்று எழுத்துரு வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், காட்டப்படும் எழுத்துருவில் அந்த எழுத்துகளே இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அந்த ஆவணம், ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஓர் எண் தரும் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் தட்டப்பட்டது. ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கிறதா? அது பாமினி. அந்தக் கோப்பைப் பொறுத்தவரை அங்கே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய குறியாக்கம். இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் எழுத்துருவை மாற்றத் தொடங்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். பாமினி ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து நிர்மலா யூஐ என்ற யூனிகோடு எழுத்துருவை வைத்துச் சேமித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எது பாமினியில் இருந்தது, எது உண்மையான ஆங்கிலம் என்ற அடையாளமே அதோடு அழிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு வரியாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

இனி பெயரைக் கண்டுபிடிப்பது. விண்டோஸ் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்க் கீழே இறங்கினால் ‘ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்’ என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஆவணம் கேட்கும் எழுத்துரு ஒரு பக்கமும், அதற்குப் பதிலாகக் காட்டப்படுவது மறுபக்கமும் தெரியும். எதுவும் விடுபடவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடும். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்புகளில், கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயர் பெட்டியில் சாய்ந்த எழுத்தில் தெரியும். லினக்ஸ் முனையத்தில் ‘எஃப்சி-மேட்ச்’ கட்டளைக்குப் பின் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால், அந்த இடத்தில் உண்மையில் எது வரப்போகிறது என்று ஒரே வரியில் காட்டும். பிடிஎஃப் என்றால் அடோபி ரீடரில் ஆவணப் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பெயருக்கு அருகில் ‘எம்பெடட்’ என்று இருந்தால் அந்த எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது.

எந்த மென்பொருளும் இல்லாத இடத்துக்கு ஒரு வழி உண்டு. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகல் ஒன்று எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே வேர்டு என்ற கோப்புறையில் ‘ஃபாண்ட்டேபிள்’ என்ற கோப்பு கிடைக்கும். ஆவணத்துக்குத் தெரிந்த எழுத்துருப் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். சில பெயர்கள் பயன்படாத பாணிகளில் (ஸ்டைல்) ஒளிந்திருப்பவை. பட்டியல் நீளமாக இருந்தால் கலங்க வேண்டாம்.

பெயர் தெரிந்ததும் அந்த எழுத்துருவை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். உங்கள் கணினியிலேயே அது தூங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் எல்லாக் கணினிகளிலும் தானாக வருவதில்லை. தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுப்பாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மேக்கோடு வருபவை தமிழ் சங்கம் எம்என், தமிழ் எம்என், இணைமதி போன்றவை. லதா அதில் வராது. விண்டோஸின் எழுத்துருக் கோப்பை அப்படியே எடுத்து மேக்கில் போட்டுக்கொள்ளத் தோன்றும். எழுத்துருவும் உரிமத்துக்கு உட்பட்ட மென்பொருள்தான். விண்டோஸோடு வந்ததை வேறு கணினிகளுக்குப் பகிர அந்த உரிமம் இடம் கொடுப்பதில்லை. இரண்டு இடத்திலும் பயன்படுத்தத் திறந்த உரிமம் கொண்டதையே தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவற்றைக் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். யாரோ ஏற்றி வைத்த இலவச எழுத்துருத் தளங்களில் ஒரே பெயரில் வேறு வேறு பதிப்புகள் கிடக்கின்றன. எழுத்துருக் கோப்பின் பின்னொட்டு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று இருக்கும். இயக்கச் சொல்லும் நிரல் கோப்பு வந்தால் தொடாதீர்கள்.

நிறுவுவது எளிய வேலை. ஜிப்பை முதலில் பிரித்துவிடுங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் வலச்சொடுக்கி ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அது உங்கள் கணக்குக்கு மட்டும் போகும், சில மென்பொருள்களின் கண்ணில் படாது. மேக்கில் இருமுறை சொடுக்கினால் ஃபாண்ட் புக் திறந்து ஏற்றுக்கொள்ளும். லினக்ஸில் உங்கள் இல்லக் கோப்புறையின் எழுத்துரு அடைவில் போட்டு ‘எஃப்சி-கேஷ்’ கட்டளையை இயக்குங்கள். எங்கே நிறுவினாலும் வேர்டை முழுவதுமாக மூடித் திறந்த பிறகே முடிவைப் பாருங்கள். தடித்த வடிவத்தின் கோப்பையும் சேர்த்து நிறுவ மறக்காதீர்கள். சாதாரண வடிவம் மட்டும் இருந்தால் மென்பொருள் அதையே ஊதித் தடித்ததாகக் காட்டும். ‘ணை’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு அச்சில் மை கொட்டியது போல் இருக்கும்.

எழுத்துரு கிடைக்கவே இல்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். ஆங்கிலத்தில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் எழுத்தகலம் மாறாத இணைகளாக லிபரேஷன் எழுத்துருக்கள் 2007இல் வந்தன. கலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலேடியா. இவற்றை வைத்தால் வரி அநேகமாக உடையாது. தமிழ் எழுத்துருக்களில் அப்படி அளவு ஒத்த இணையை நான் கண்டதில்லை. அதனால் தமிழ் ஆவணத்தில் எழுத்துருவை மாற்றினால் பக்கம் நகரும் என்றே வைத்துக்கொண்டு, பொருளடக்கத்தைக் கையால் தட்டாமல் மென்பொருளையே உருவாக்கச் சொல்லுங்கள். மாற்று எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘றூ’ என்று நான்கைந்து எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். அழகான எழுத்துருக்கள் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

முன்பு சொன்ன ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன் பெட்டியில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாற்று அந்தக் கணினியின் திரைக்கும் அச்சுக்கும் மட்டுமே. கோப்பில் பழைய பெயர் அப்படியே இருக்கும். கோப்பிலேயே மாற வேண்டும் என்றால் ‘கன்வெர்ட் பர்மனன்ட்லி’ அழுத்த வேண்டும். லிப்ரே ஆபீஸில் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் மாற்று அட்டவணையும் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. அலுவலகத்துக்குத் திரும்பிப் போகிற கோப்பு என்றால் நிரந்தரமாக மாற்றாதீர்கள்.

தமிழர்களைத் தனியாகப் படுத்தும் ஓர் இடம் வேர்டில் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வேர்டு ஒவ்வொரு துண்டு உரைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருப் பெயர்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கல் வரிவடிவங்களுக்கு வேறொன்று. அளவும் தடிப்பும்கூடத் தனித்தனி. பாணியில் எழுத்துருவை மாற்றிய பிறகும் தமிழ் மட்டும் அசையாமல் நின்றால், அல்லது அளவை 14 ஆக்கியும் தமிழ் 11இலேயே நின்றால், காரணம் இதுதான். கண்ட்ரோல் டி அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறந்து, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதியில் எழுத்துருவையும் அளவையும் மாற்றுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ஆபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்த பின் தெரியும். இதை அறியாமல் இரண்டு நாட்கள் ஒரு முன்னுரையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பாமினி போன்ற பழைய ஆவணங்களுக்கு வருகிறேன். அவசரமாகப் படிக்க மட்டும் வேண்டும் என்றால் அதே எழுத்துருவை நிறுவுங்கள், போதும். நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பழைய எழுத்துரு வடிவங்களுக்கு மென்பொருள்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்து வருகின்றன. அடோபி 2023 ஜனவரியில் டைப் 1 என்ற பழைய வடிவ எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. மாற்றிகள் இணையத்தில் கிடைக்கும். ஆனால் முழு ஆவணத்தையும் ஒட்டி மாற்றினால் நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குழப்பமாகிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் சொல் எதுவும் தராமல், வடிவமைப்பில் பாமினி என்று மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் தேர்வாகும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். அடிக்குறிப்பு, தலைப்புப் பட்டை, உரைப்பெட்டி மூன்றும் இந்தத் தேடலில் தனியாகக் கிடக்கும், விட்டுவிடாதீர்கள். மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வையுங்கள்.

இனிமேல் அனுப்பும் கோப்புகளுக்கு: படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப். திருத்தவும் வேண்டும் என்றால் வேர்டில் சேமிப்பு அமைப்புக்குப் போய் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் தேர்வை இயக்குங்கள். லிப்ரே ஆபீஸில் இது ஆவணப் பண்புகளில் இருக்கிறது. ‘பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதிக்கவும்’ என்ற துணைத் தேர்வைப் போடாதீர்கள். பெறுபவர் புதிதாக ஒரு சொல் சேர்த்தால் அதற்குரிய எழுத்து கோப்பில் இருக்காது. பதிப்பதைத் தடை செய்யும் எழுத்துருக்களும் உண்டு, அவை பதியாது.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யக்கூடியது இது. இரண்டு கணினியிலும் ஒரே தளத்திலிருந்து, ஒரே நாளில் நோட்டோ செரிஃப் தமிழைத் தரவிறக்கி நிறுவுவேன். ஆவணத்தின் பாணிகளில் ஆங்கிலம், சிக்கல் வரிவடிவம் இரண்டு இடத்திலும் எழுத்துருவைக் குறிப்பிடுவேன். பிறகு விண்டோஸிலிருந்து ஒரு பக்கம், மேக்கிலிருந்து அதே பக்கம் அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்தால் மீதி ஆவணங்களையும் அதே முறையில் மாற்றலாம். கடைசி வரி மட்டும் கீழே இறங்கியிருந்தால் எழுத்துருவில் கை வைக்காதீர்கள். பத்தி அமைப்பில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி, 18 புள்ளியில் தொடங்கிப் பாருங்கள்.