ஃப்ரிட்ஜில் வைத்த கேக் ஏன் விறைத்துப் போகிறது?

கேள்வி: வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வெண்ணெய் கேக் செய்கிறேன். எறும்புக்குப் பயந்து அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் எடுத்தால் ரஸ்க் மாதிரி இருக்கிறது. விலை கூடினாலும் பரவாயில்லை என்று காற்றுப் புகாத கண்ணாடி டப்பா வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: டப்பாவுக்குப் பெரிய செலவு வேண்டாம் அம்மா. உங்கள் கேக்கை இறுக வைப்பது ஃப்ரிட்ஜின் குளிர்தான். மைதாவில் உள்ள ஸ்டார்ச் வேகும்போது தண்ணீரை இழுத்து இளகுகிறது. ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுகத் தொடங்கும். மிச்சமான சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் பருக்கை விறைத்திருக்கிறதே, அதே சங்கதிதான். இது மிக வேகமாக நடப்பது 4, 5 டிகிரியில், அதாவது சரியாக ஃப்ரிட்ஜ் தட்டின் குளிரில். நல்ல டப்பா ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், ஆனால் இந்த இறுகலைத் தடுக்காது. போதாததற்கு வெண்ணெயும் குளிரில் உறைந்துவிடும். எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக் ஃப்ரிட்ஜிலும் ஓரளவு மெத்தென்றே இருப்பது அதனால்தான்.

க்ரீம், ஐசிங் எதுவும் இல்லாத கேக் என்றால் வெளியிலேயே வையுங்கள். நன்றாக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். இரண்டு, மூன்று நாள் தாங்கும். மே மாத வெயிலிலும் அடைமழையிலும் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எறும்புக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததையே செய்யுங்கள்: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டப்பா.

மூடுவதற்கு முன் கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேலே தொட்டால் ஆறியது போல இருக்கும், நடுவில் சூடு இருக்கும். கம்பித் தட்டில் வைத்து இரண்டு மணி நேரமாவது விடுங்கள். அவசரப்பட்டு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து கேக்கிலேயே சொட்டும். ஒரு மழைக்காலத்தில் நான் அப்படி மூடிய கேக்கில் மூன்றாம் நாளே பூஞ்சை வந்தது. பிள்ளைகள் ஆசையாகக் காத்திருந்த கேக், அப்படியே குப்பைக்குப் போனது.

வெட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. முக்கோணமாக வெட்டி எடுத்தால் வெட்டுமுகம் காற்று பட்டு வறளும். 1906-இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 'நேச்சர்' இதழுக்கு இதைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினார். வட்டக் கேக்கின் நடுவில் நீளமாக ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒட்டச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடச் சொன்னார். உள்பக்கம் காற்றையே பார்க்காது. செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அப்புறம், உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஈரத்தைக் கட்டிப் பிடித்து, பூஞ்சைக்குக் கிடைக்காமல் வைப்பதே அந்தச் சர்க்கரைதான். குறைத்தால் கேக் சீக்கிரம் கெடும். வாழைப்பழம், கேரட் சேர்த்த கேக்கும் அப்படித்தான்.

ஒரு வாரத்துக்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான் வழி. மைனஸ் 18 டிகிரியில் இறுகல் கிட்டத்தட்ட நின்றுவிடும். துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் க்ளிங் ஃபிலிமில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். இரண்டு மாதம் நன்றாக இருக்கும். எடுக்கும்போது சுற்றியதைப் பிரிக்காமலே வெளியில் வைத்து, உறைந்தது இளகும்வரை விடுங்கள். வியர்க்கும் நீர் கவர் மேலேயே நின்றுவிடும். ஏற்கெனவே விறைத்த துண்டை மைக்ரோவேவில் 10 விநாடி சூடாக்கி உடனே கொடுங்கள். ஆறினால் திரும்ப இறுகும்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு, வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒருவரிடம் ஃப்ரெஷ் க்ரீம் கேக் சொல்லியிருக்கிறோம். மதியம் வாங்கி, மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் வெட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நடுவில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் கூடாது. பால், க்ரீம், கஸ்டர்ட் சேர்ந்த கேக் வெளியில் இருக்கக்கூடிய நேரம் அதிகபட்சம் இரண்டு மணி. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணிதான். மதுரையில் அது எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். கிருமி பெருகிய க்ரீம் மணத்திலோ ருசியிலோ காட்டிக்கொடுக்காது, அதுதான் பயம்.

மண்டபத்தில் ஃப்ரிட்ஜ் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஐந்தரைக்கு நேராக அவர் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். சில கேள்விகளைக் கூச்சப்படாமல் அவரிடம் கேளுங்கள்: எப்போது செய்தது, எங்கே வைத்திருந்தீர்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருக்கிறதா. அந்த எண் 14 இலக்கம். வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். நல்ல வியாபாரி சந்தோஷமாகச் சொல்வார். மேஜையில் நெடுநேரம் கிடந்த மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பழக் கேக்கை முன்கூட்டியே செய்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றுகிறோம். சரியா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: செய்தித்தாள் மட்டும் வேண்டாம். அச்சு மை எண்ணெய்ப் பசையில் ஊறி உணவில் இறங்கும். 2018-இன் உணவுப் பொட்டல விதிகளே செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது என்கின்றன. முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அலுமினியத் தாள், பிறகு டப்பா. அலுமினியம் நேராகக் கேக்கில் பட்டால், பழத்தின் புளிப்பு அதை அரிக்கும். பிராந்தி ஊற்றி, வாரம் ஒரு கரண்டி மேலே தெளிக்கும் கேக் ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும். ஆரஞ்சுச் சாற்றில் பழம் ஊறவைத்ததற்கு அந்த ஆயுள் கிடையாது. அதை ஒரு வாரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது ஃப்ரீசரில் போடுங்கள்.

கேள்வி: ஓரத்தில் மட்டும் பூஞ்சை. வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: முழுவதையும் எறிந்துவிடுங்கள். கேக் பஞ்சு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும். டப்பாவையும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு அடுத்த கேக்கை வையுங்கள்.